காலிக் கட்டம்

வெள்ளிக்கிழமை எட்டாவது பீரியடை
என் தலையில் கட்டினார்கள்.
பாட்டு டீச்சர் பணியிடம் காலி.
நான் அறிவியல், அதுவும் தொகுப்பூதியம்.
எனக்குச் சுருதி தெரியாது என்பது
ஆறாம் வகுப்பு பி பிரிவுக்கு
முதல் வாரமே தெரிந்துவிட்டது.

தெரிந்ததிலிருந்துதானே தொடங்க முடியும்.
பத்தாம் வகுப்பில் மூன்று மதிப்பெண்ணுக்காக
செய்யுளை அலகிட்டவள் நான்.
ஜன்னலில் தெரிந்த மஞ்சள் பலகையைக் காட்டினேன்:
மேல். பட். டி.
நேர் நேர் நேர். மூன்று தட்டு.
"வளத்தூர், மிஸ்?"
வளத் நிரை. ஒரு தட்டின் இடத்துக்குள்
இரண்டை நெருக்கித் தட்டு. தூர் நேர்.
"அப்போ குடியாத்தம்?"
அதற்குள் யாரோ தட்டியே விட்டார்கள்.

கரும்பலகையில் கட்டம் போட்டேன்.
ஒரு கோடு நேர், இரண்டு கோடு நிரை.
தண்டவாளம் மாதிரி நீண்டது.
எல்லோரும் இடப்பக்கமிருந்து வாசித்தார்கள்.
காலையில் அரபி ஓதிவிட்டு வருகிற தஸ்லீம்
வலப்பக்கமிருந்து வாசித்தாள்.
அதுவும் தாளமாகத்தான் இருந்தது,
அந்தப் பெயரில் ஸ்டேஷன்தான் இல்லை.

மூன்றாவது வாரம்
ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.
சாய்சரண் அதைத் தாண்டிக் குதித்தான்.
யுவஸ்ரீ வாயில் அந்த இடத்தில் ஒரு "ம்" வந்தது.
கடைசி பெஞ்சுக்கு இருமல்.
எபினேசர் எழுந்து நின்று கேட்டான்:
"மிஸ், எழுதி அழிச்சீங்களா,
எழுதவே மறந்துட்டீங்களா?"

நியாயமான கேள்வி.
பதில் தெரியாமல் கையை விரித்துக் காட்டினேன்.
தட்டாதே, ஆனால் கையைக் கீழே போடாதே.
ஒரு தட்டு போகிற நேரம் இப்படியே வை.

அறுபத்து நான்கு உள்ளங்கைகள்.
பால்பாயிண்ட் மை, பாதி உதிர்ந்த மருதாணி,
வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து
ஷூ மேல்தோல் பின்னியதில் ஊசி ஏறிய தடம்.
தட்டிக்கொண்டே இருந்திருந்தால்
எதையும் பார்த்திருக்க மாட்டேன்.

டிசம்பரில் ஒரு வெள்ளி,
தாளத்தின் நடுவே கூட்ஸ் வந்தது.
வழக்கமாக ரயில் வந்தால் பாடம் நிற்கும்.
நான் நிறுத்தத்தான் கையைத் தூக்கினேன்,
அவர்கள் நிற்கவில்லை.

ஐம்பத்தெட்டுப் பெட்டி.
பக்கத்தில் இருப்பவள் தட்டுவது கூடக் கேட்காது.
டஸ்டர் நடுங்கி நடுங்கி மேசை ஓரத்துக்கு வந்தது.
உதடுகள் மட்டும் தெரிந்தன,
தஸ்லீம் ஏக் தோ என்று,
சாய்சரண் ஒகட்டி ரெண்டு என்று,
மற்றவர்கள் எதையோ.
கார்டு பெட்டி போனது. பச்சைக் கொடி போனது.

பிறகு கேட்டது
இரண்டு வகுப்பு.
சுவர்ப் பக்கம் ஒரு தாளம்.
ஜன்னல் பக்கமும் அதே தாளம்,
ஒரு கட்டம் முந்தி.
யாரும் தப்பாகத் தட்டவில்லை,
அதுதான் சிக்கல்.
எதிர்ப் பக்கத்தை இழுக்க
இரண்டு பக்கமும் ஓங்கித் தட்டின.
நானும் ஸ்கேலால் மேசையைத் தட்டினேன்,
யார் பக்கம் தட்டுகிறேன் என்று
எனக்கே தெரியவில்லை.

ஜன்னல் பக்கம், மூன்றாவது பெஞ்ச்,
யுவஸ்ரீ கையை விரித்தாள்.
பலகையில் நான் போடாத கட்டம் அது.
உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு
ஒரு தட்டு போகவிட்டு
சுவர்ப் பக்கத்தோடு சேர்ந்தாள்.
அவள் பெஞ்ச் அவளைப் பார்த்தது.
முன் பெஞ்ச் திரும்பிப் பார்த்தது.
ஒவ்வொரு கையாக விரிந்து,
நின்று,
குடி யாத் தம்.
கடைசி பெஞ்ச் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு
இரண்டு சுற்று கழித்து வந்தது.

மணி அடித்தது, மணிக்காரர் இஷ்டத்துக்கு.
எபினேசர் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.
"அவ தட்டாம விட்டாளே மிஸ்,
அத நோட்ல எழுதணுமா?"
எழுது என்றேன்.
ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும்
நேராகக் கட்டம் போட்டான்.
உள்ளே பார்த்தான்.
பேனாவை மூடிவிட்டான்.